தோன்றா எழுவாய்: மோரிஸ் ஜாரும் ஜான் வில்லியம்ஸும் – ஒரு முவாஸனா

1978ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐம்பதாவது ஆஸ்கர் விருது விழா நடைபெற்றது. சிறந்த பின்னணி இசைக்கான விருதுக்கு அன்று ஐந்து படங்கள் இறுதிப் பட்டியலில் இருந்தன. அவற்றுள் இரண்டு ஜான் வில்லியம்ஸ் இசையமைத்தவை: ‘ஸ்டார் வார்ஸ்’, ‘குளோஸ் என்கவுன்ட்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்’. மற்றொன்று மோரிஸ் ஜார் இசையமைத்த ‘முஹம்மத், மெஸெஞ்சர் ஆஃப் காட்’. நம்மவர்கள் ‘தி மெஸேஜ்’ என்றும், அரபு வடிவத்தின் பெயரால் ‘அர்ரிஸாலா’ என்றும் அறிந்திருக்கும் படம் அதுவே. விருது ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திற்குச் சென்றது.

இச்செய்தி என்னை நெடுநாள் உறுத்தியதுண்டு. மதரஸா மாணவனாக இருந்த காலத்தில், ஒரு பெருநாள் இரவில், வாடகைக்கு எடுத்துவந்த தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் ஒரு வீட்டு முற்றத்தில் வைக்கப்பட்டன. ஊரில் பாதிப்பேர் அங்கே கூடி அப்படத்தைப் பார்த்தோம். பிலால் (ரலி) அவர்கள் முதன்முதலாகப் பாங்கு சொல்லும் காட்சியில் முதியவர்கள் தேம்பி அழுதனர். சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு நூலகத்தில் மேற்படி விருதுப் பட்டியலைப் படித்தபோது, ‘விண்வெளியில் வாள் சுழற்றும் விளையாட்டுப் படத்திற்குக் கொடுத்துவிட்டு நம் படத்தை ஒதுக்கிவிட்டார்களே’ என்று மனம் கொதித்தது. அன்றைக்கு நான் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தைப் பார்த்ததுமில்லை, அதன் இசையைக் கேட்டதுமில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அண்மையில், பொறியியல் பயிலும் என் சகோதரி மகன், “மாமா, நீங்கள் எப்போதும் சொல்லும் ஜார் பெரியவரா, வில்லியம்ஸ் பெரியவரா? இல்லை, எங்கள் ஹான்ஸ் ஸிம்மர் பெரியவரா?” என்று கேட்டான். “ஜார்தான்” என்று உடனே சொல்லிவிட்டேன். “ஏன்?” என்று அடுத்துக் கேட்டான். என்னிடம் விடை இல்லை. அந்த ‘ஏன்’ என்னும் வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஒரு விளக்கம் முதற்கண் தேவைப்படுகிறது. இசை குறித்தும் திரைப்படம் குறித்தும் மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடுகள் யாவரும் அறிந்தவை. அவற்றை ஆராய்வது ஃபிக்ஹ் துறையின் பணி. ஈண்டு நாம் மேற்கொள்வது வரலாறும் திறனாய்வும் மட்டுமே.

அல்-ஆமிதீயின் தராசு

இரு கலைஞர்களை ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுவது எவ்வளவு இடர்ப்பாடு மிக்கது என்பதை அரபு இலக்கிய உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ தம்மாம், அல்-புஹ்துரீ ஆகிய இரு பெருங்கவிஞர்களுக்கும் இரு கட்சியினர் இருந்தனர். முன்னவர் ஆழ்ந்த கருத்தும் அணிநுட்பமும் கொண்டு செதுக்கிப் பாடுபவர். பின்னவர் நீரோட்டம் போல இயல்பாகப் பாடுபவர். கட்சிப் பூசல் முற்றியிருந்த நிலையில், பத்தாம் நூற்றாண்டில் அபுல் காஸிம் அல்-ஹஸன் அல்-ஆமிதீ ‘அல்-முவாஸனா’ என்னும் நூலை இயற்றினார். முவாஸனா என்றால் எடையிட்டு ஒப்பிடுதல் என்று பொருள்.

அவருடைய முறை எளியது, கடைப்பிடிப்பதுதான் கடினம். முதலில் இரு கட்சியினரின் வாதங்களையும் அவரவர் வாயாலேயே பேசவிடுகிறார். அடுத்து இருவரின் குறைகளையும் பட்டியலிடுகிறார். யார் யாரிடமிருந்து எடுத்தாண்டார் என்னும் வினாவை ஆராய்கிறார். அதன்பின் ஒரே பொருள் குறித்து இருவரும் பாடியவற்றை அருகருகே வைத்து எடைபோடுகிறார். ஒட்டுமொத்தமாக எவர் சிறந்தவர் என்று தாம் அறிவிக்கப் போவதில்லை என்றும், ஒவ்வொரு பொருளிலும் எவர் மேம்பட்டார் என்பதையே காட்டுவதாகவும் அவர் சொல்கிறார். அவரது சாய்வு அல்-புஹ்துரீயின் பக்கமே என்று பிற்காலத்தார் குறை கூறியதுண்டு. எனினும் முறை முறைதான்.

இதனுடன் நம் மதரஸாக்களில் பயிலப்படும் பலாஃகத் கலையின் அடிப்படை ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம். 1338இல் மறைந்த அல்-கஸ்வீனீயின் ‘தல்கீஸ்’ நூலைப் பயின்றவர்கள் ‘முக்தளல் ஹால்’ என்னும் சொல்லாட்சியை மறந்திருக்க மாட்டார்கள். சந்தர்ப்பம் எதைக் கோருகிறதோ அதுவே முக்தளல் ஹால். சொல் அதற்குப் பொருந்தி வருவதே பலாஃகத். அணிகள் எத்தனை இருந்தாலும், சந்தர்ப்பத்திற்குப் பொருந்தாத சொல் சிறந்த சொல்லாகாது. திரைக்காக அமைக்கப்படும் இசையை எடைபோட இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. ஏனெனில் பின்னணி இசை தனித்து நிற்பதற்காகப் பிறப்பதன்று. ஒரு காட்சியின் கோரிக்கைக்கு விடையாகப் பிறப்பது.

இருவர் வந்த வழி

மோரிஸ் ஜார் 1924இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். பாரிஸ் இசைக் கல்லூரியில் பயின்றார். அவர் தேர்ந்த கருவிகள் தாளக் கருவிகள். ழான் விலாரின் தேசிய மக்கள் நாடக அரங்கில் பல்லாண்டுகள் இசையமைத்தார். நாடக மேடையில் கருவிகள் குறைவு, வசனமே முதன்மை. எந்த இடத்தில் இசை பேச வேண்டும், எந்த இடத்தில் வாய்மூட வேண்டும் என்பதை அவர் பயின்ற பள்ளி அதுவே எனலாம். 1962இல் டேவிட் லீன் இயக்கிய ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ அவரை உலகறியச் செய்தது. அதற்கும், ‘டாக்டர் ஷிவாகோ’ (1965), ‘எ பாஸேஜ் டு இந்தியா’ (1984) ஆகிய படங்களுக்கும் ஆஸ்கர் விருது பெற்றார். மூன்றும் லீனின் படங்களே. 2009இல் அவர் மறைந்தார்.

ஜான் வில்லியம்ஸ் 1932இல் நியூயார்க்கில் பிறந்தவர். தந்தை ஜாஸ் இசைக்குழுவில் தாளக் கலைஞர். மகன் பியானோ பயின்று, ஹாலிவுட் படப்பிடிப்பு நிலையங்களின் இசைக்குழுக்களில் வாசித்து, படிப்படியாக இசையமைப்பாளரானார். ஸ்டீவன் ஸ்பீல்பர்க்கின் ‘ஜாஸ்’ (1975), ஜார்ஜ் லூகாஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ (1977), ‘ஈ.டி.’ (1982), ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ (1993) முதலியன அவருடைய புகழ்பெற்ற படைப்புகள். ஐந்து ஆஸ்கர் விருதுகள் பெற்றவர். ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை இறுதிப் பட்டியலில் இடம்பெற்றவர்.

முதல் பொருள்: பாலைவனம்

அல்-ஆமிதீயின் வழியில், இருவரும் கையாண்ட ஒரே பொருளை முதலில் எடுத்துக்கொள்வோம். அது பாலைவனம்.

‘தி மெஸேஜ்’ படத்தை இயக்கிய முஸ்தஃபா அக்காத் ஹலப் (அலெப்போ) நகரில் பிறந்து அமெரிக்காவில் திரைக்கலை பயின்றவர். அவர் மொராக்கோவில் படப்பிடிப்பைத் தொடங்கினார். அங்கே தொடர முடியாத அரசியல் நெருக்கடி ஏற்பட்டதால் லிபியாவுக்குச் சென்று முடித்தார். லூகாஸோ 1976 மார்ச்சில் தூனிஸியாவின் உப்புப் பாலையில் படப்பிடிப்பைத் தொடங்கினார். அவர் கதையில் வரும் ‘டாட்டூயின்’ என்னும் பாலைக் கிரகத்தின் பெயரே தூனிஸியாவின் ததாவீன் என்னும் ஊரிலிருந்து வந்தது. ஆக, அவ்விருது விழாவில் மோதிய இரு படங்களும் சில ஆண்டு இடைவெளியில் அதே மக்ரிப் மணலில் எடுக்கப்பட்டவை.

‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் இளைஞன் லூக் தன் வீட்டு வாசலில் நின்று இரு சூரியன்கள் மறைவதைப் பார்க்கும் காட்சி ஒன்றுண்டு. வசனம் இல்லை. ஃபிரெஞ்சு ஹார்ன் என்னும் ஊதுகருவி ஒரு மெட்டைத் தொடங்க, தந்திக் கருவிகள் அதனை ஏந்தி உயர்த்துகின்றன. அந்த மணல் அங்கே தடை. இசையோ அதனைத் தாண்டிப் போக விரும்பும் மனத்தின் ஏக்கம். வில்லியம்ஸின் பாலை, ஒரு மனிதனின் உள்ளத்தில் இருப்பது.

ஜாரின் பாலை அவ்வாறன்று. ‘லாரன்ஸ்’ படத்தில் ஒரு தீக்குச்சி ஊதி அணைக்கப்பட்டதும் திரை முழுவதும் பாலைச் சூரிய உதயம் விரிகிறது, இசை பெருகுகிறது. ஆனால் தொடுவானத்துக் கானலிலிருந்து ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டகத்தின் மீது மெல்ல மெல்ல நெருங்கி வரும் புகழ்பெற்ற காட்சியில் இசையே இல்லை. அந்த மௌனத்தால்தான் வெளியின் பரப்பு நமக்குப் புலப்படுகிறது. ஜாரின் பாலை மனிதனுக்குப் புறத்தே நிற்கும் பேருரு. மனிதன் அதில் ஒரு புள்ளி.

இனிக் குறையையும் சொல்ல வேண்டும். ‘லாரன்ஸ்’ முதன்மை மெட்டில் அரபு மகாம்களுள் ஒன்றான ஹிஜாஸை ஐரோப்பியச் செவிக்கு நினைவூட்டும் சுர இடைவெளி பயில்கிறது. நம் நாட்டு இசை பயின்றோர்க்கு மாயாமாளவகௌளையின் முற்பகுதியைச் சொன்னால் விளங்கும். அவ்வொற்றை இடைவெளியே ‘இது அரபு நாடு’ என்று அறிவிக்கும் முத்திரையாகப் பயன்படுகிறது. அரபிசையின் மகாம்கள் பற்பல. கால்சுர நுட்பங்கள் ஐரோப்பிய இசைக்குழுவின் பன்னிரண்டு சுரங்களுக்குள் அடங்காதவை. அவ்வளவு பெரிய கலையை ஒரே முத்திரையாகச் சுருக்கும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலிருந்து வருவது. ரிம்ஸ்கி கோர்ஸகோவின் ‘ஷெஹரஸாத்’ (1888) அவ்வழக்கின் நன்கறியப்பட்ட சான்று. ஜார் அப்பழக்கத்தை உருவாக்கவில்லை, ஆயினும் உறுதிப்படுத்தினார். ‘நம்மவர்’ என்று நான் அவரைக் கொண்டாடிய நாள்களில் இக்குறை என் காதில் விழவே இல்லை.

இரண்டாம் பொருள்: எடுத்தாளுதல்

வில்லியம்ஸின் எதிர்க்கட்சியினர் கூறும் முதன்மைக் குற்றச்சாட்டு, அவர் பிறரிடமிருந்து எடுத்தாண்டார் என்பதே. ‘ஸ்டார் வார்ஸ்’ முதன்மை மெட்டின் தொடக்கம் எரிக் கோர்ன்கோல்ட் 1942இல் ‘கிங்ஸ் ரோ’ படத்திற்கு அமைத்த இசையை ஒத்திருக்கிறது. போர்க் காட்சிகளில் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் ‘செவ்வாய்’ இசையின் சாயல் தெரிகிறது. லூகாஸ் தம் படத்தைத் தொகுக்கும்போது பழைய செவ்வியல் இசைத்தட்டுகளையே தற்காலிகமாகப் பொருத்தி வைத்திருந்தார் என்பதும் அறிந்த செய்தி.

இங்கே அல்-ஆமிதீ நமக்கு உதவுகிறார். எல்லோர்க்கும் பொதுவான கருத்துகளை ஒருவர் ஆண்டால் அது இலக்கியத் திருட்டு ஆகாது. ஒருவர் தனித்துக் கண்டுபிடித்த புதுமையை எடுப்பதே திருட்டு எனப்படும் என்பது அவர் கொள்கை. வீரத்தைக் குறிக்க எக்காளம், அச்சத்தைக் குறிக்கத் தாழ்ந்த சுரம் என்பவை பொதுச்சொத்து. ‘கிங்ஸ் ரோ’ சாயலோ அவ்வளவு எளிதில் கடந்துபோகக் கூடியதன்று. ஆனால் அந்தச் சாயலின் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது.

கோர்ன்கோல்ட் வியன்னாவில் வளர்ந்த யூத இசைமேதை. 1938இல் ‘ராபின் ஹூட்’ படத்துக்கு இசையமைக்க அமெரிக்கா சென்றார். அவ்வாண்டு மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கைப்பற்றினார். அந்தப் பயணமே தம் உயிரைக் காத்தது என்று பின்னாளில் அவர் கருதினார். ‘கிங் காங்’ (1933) படத்திற்கு இசையமைத்த மாக்ஸ் ஸ்டைனரும் வியன்னாவைச் சேர்ந்தவரே. ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஓர் அடையாள மெட்டை அமைத்து, கதை திரும்புந்தோறும் அதனை மாற்றி மாற்றி இசைப்பது ஜெர்மானிய இசைநாடகத்தின், குறிப்பாக வாக்னரின், முறை. இவர்களைப் போன்றோர் வழியாக அது ஹாலிவுட்டிற்கு வந்து சேர்ந்தது. 1960களில் ஜாஸும் பாப் பாடல்களும் திரையை ஆக்கிரமித்தபோது அம்மரபு மங்கியது. லண்டன் சிம்ஃபொனி இசைக்குழுவைக் கொண்டு வில்லியம்ஸ் அதனை மீண்டும் முழக்கினார். அவர் செய்தது திருட்டு என்பதைவிட, ஒரு மரபை மீட்டெடுத்தல் என்பதே நேர்மையான கூற்று. அல்-புஹ்துரீ தம் முன்னோடியான அபூ தம்மாமிடமிருந்து எடுத்தவை ஏராளம். அதனால் அவர் சிறுமையடையவில்லை.

மெட்டை நினைவில் நிறுத்தும் கலையில் வில்லியம்ஸ் மேம்பட்டவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1980இல் வந்த அடுத்த பாகத்தில் கொடுங்கோலனுக்கு அவர் அமைத்த அணிவகுப்பு இசை, படத்தைப் பார்க்காதவர்களுக்கும் தெரியும். ஜாரின் ‘லாரன்ஸ்’, ‘ஷிவாகோ’ மெட்டுகளும் அவ்வாறே வாழ்கின்றன. எனினும் ஒரு மெட்டைக் கதையோடு வளர்த்து உருமாற்றும் திறனில், ஜார் திரும்பக் கூறுதலோடு நின்றுவிடும் இடங்களிலும் வில்லியம்ஸ் மேலும் நடந்து செல்கிறார்.

மூன்றாம் பொருள்: காணப்படாத இருப்பு

இதுவரை தராசு வில்லியம்ஸின் பக்கமே தாழ்ந்திருக்கிறது. இனி மூன்றாவது பொருளுக்கு வருவோம். இங்கே உத்தியை மட்டுமே ஒப்பிடுகிறேன், பொருள்களை அன்று. வாசகர்கள் அந்த வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

‘ஜாஸ்’ படத்தில் கடலில் மனிதர்களைக் கொல்லும் சுறாவைப் படத்தின் பெரும்பகுதியில் நாம் காண்பதில்லை. செய்து வைத்திருந்த இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதும் அதற்கு ஒரு காரணம். அந்த இடத்தை வில்லியம்ஸின் இரண்டே சுரங்கள் நிரப்பின. அவை கேட்டால் அது நெருங்குகிறது என்று பொருள். இரு சிறுவர்கள் அட்டைத் துடுப்பைக் காட்டிக் கரையிலுள்ளவர்களை ஏமாற்றும் காட்சியில் அந்த இசை ஒலிப்பதில்லை. இசை பொய்ச்சான்று கூறுவதில்லை என்னும் ஒழுங்கை வில்லியம்ஸ் காத்தார். ஆனால் அங்கே மறைத்தல் என்பது தள்ளிவைத்தலே. இறுதியில் அது வெளிப்பட்டே தீரும். அரபு அணியிலக்கணத்தில் இதற்குத் ‘தஃகீர்’ என்று பெயர். முன்வர வேண்டியதைப் பின்னுக்குத் தள்ளி ஆவலைத் தூண்டுதல்.

அக்காத் எதிர்கொண்ட கட்டுப்பாடு வேறு வகையானது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உருவமோ நிழலோ குரலோ படத்தில் இடம்பெறலாகாது. நேர்வழி நின்ற கலீஃபாக்கள் நால்வரும் காட்டப்படுவதில்லை. அலீ (ரலி) அவர்களைக் குறிக்க ஒரு வாள் மட்டுமே தோன்றுகிறது. ஆங்கில வடிவில் ஆந்தனி குயினும், அரபு வடிவில் அப்துல்லாஹ் கைஸும் ஏற்ற ஹம்ஸா (ரலி) பாத்திரமே கண்ணுக்குத் தெரியும் நாயகன். படத்தின் மையமானவரோ ஒரு கணமும் தோன்றுவதில்லை. பாத்திரங்கள் கேமராவை நோக்கிப் பேசுகின்றன. மறுமொழி நம் காதில் விழுவதில்லை. மதீனாவுக்குள் நுழையும் ஒட்டகத்தைக் காண்கிறோம். அதன்மேல் வீற்றிருப்பவரைக் காண்பதில்லை.

இந்தப் படத்தின் இசையமைப்பாளரிடம் சந்தர்ப்பம் கோரியது என்ன? காணாத இருப்பைச் சுட்ட வேண்டும். ஆனால் அதற்கு உருவம் கொடுத்துவிடக் கூடாது. ஒரு வீரமான மெட்டை அமைத்திருந்தால், அதுவே செவிவழிச் சித்திரமாக ஆகியிருக்கும். கண்ணுக்கு விதித்த தடையைக் காது மீறியிருக்கும். ஜார் அவ்வாறு செய்யவில்லை. நபி (ஸல்) அவர்கள் அருகில் இருப்பதை உணர்த்த வேண்டிய இடங்களில் ஆர்கன் கருவியின் மெல்லிய, நீண்ட ஒலி மட்டும் எழுகிறது. மெட்டு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை, முணுமுணுக்க இயலாது. ஒருவர் இருக்கிறார் என்பதை மட்டும் சொல்லி, எத்தகையவர் என்று வருணிக்காமல் விலகி நிற்கும் ஒலி அது.

ஆர்கன் தேவாலயக் கருவியாயிற்றே என்று சிலர் குறை கூறலாம். இன்றைய செவிக்கு அந்நினைவு வருவது உண்மையே. அதனை ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன். எனினும் ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் தானாகவே இசைக்கும் நீர்விசைக் கருவி பற்றி எழுதியிருப்பதையும், அத்தகைய கருவிகள் நம் முன்னோர்க்கு அந்நியமல்ல என்பதையும் நினைவிற்கொள்ளலாம்.

அரபு இலக்கணம் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு இக்காட்சிகள் வேறொன்றை நினைவூட்டுகின்றன. ‘காம’ என்னும் வினைச்சொல்லுக்கு ‘எழுந்து நின்றான்’ என்று பொருள். நின்றவன் யார்? ‘ஹுவ’ என்னும் பெயர் அதனுள் மறைந்திருக்கிறது. அதனை ‘ளமீர் முஸ்ததிர்’ என்கிறோம். தமிழ் இலக்கணமும் இதனை அறியும். ‘வந்தார்’ என்னும் சொல்லில் ‘அவர்’ என்பது தோன்றா எழுவாய். எழுவாய் தோன்றவில்லை என்பதால் அது இல்லை என்று எவரும் சொல்வதில்லை. வாக்கியம் முழுவதும் அதன்மீதே நிற்கிறது. சொல்லை விலக்குவதற்கு ‘ஹத்ஃப்’ என்று பெயர். விலக்கப்பட்டதைச் சுட்டும் குறிப்பு இருந்தால்தான் அது செல்லும். அக்குறிப்புக்குப் பெயர் ‘கரீனா’. ஜாரின் அந்த ஆர்கன் ஒலி ஒரு கரீனா. ‘ஜாஸ்’ இசை தஃகீருக்குத் துணை. ‘அர்ரிஸாலா’ இசை ஹத்ஃபுக்குத் துணை. தள்ளிவைக்கப்பட்டதைக் குறிக்கும் இசைக்கு இறுதியில் காட்சி வந்து கைகொடுக்கிறது. விலக்கப்பட்டதைக் குறிக்கும் இசைக்கு அந்தக் கைம்மாறு ஒருபோதும் கிடைப்பதில்லை.

பின்வந்தோர்

என் மருமகனின் ஸிம்மருக்கு வருவோம். 1957இல் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்த ஹான்ஸ் ஸிம்மர், மெட்டைவிட ஒலியின் தன்மைக்கே முதலிடம் கொடுப்பவர். வில்லியம்ஸ் பென்சிலும் தாளும் கொண்டு எழுதுபவர். ஸிம்மர் கணினியும் மின்னிசைக் கருவிகளும் கொண்டு, பலரைத் துணைக்கொண்டு செதுக்குபவர். ‘தி லயன் கிங்’ (1994), ‘டியூன்’ (2021) ஆகிய படங்களுக்கு ஆஸ்கர் பெற்றார். ‘டியூன்’ படத்தின் பாலைக் காட்சிகள் எடுக்கப்பட்ட ஜோர்டானின் வாதீ ரம், ‘லாரன்ஸ்’ படமும் எடுக்கப்பட்ட இடமே. அங்கே ஸிம்மரின் இசை மெட்டாக நில்லாமல், மணற்காற்றாகவே மாறிவிடுகிறது. அதுவும் அக்காட்சியின் கோரிக்கைக்கு உரிய விடையே. ஆனால் ‘கிளாடியேட்டர்’ (2000) படத்தில் அவர் கையாண்ட துடுக் என்னும் ஆர்மீனியக் குழலும், சொல்லற்ற பெண்குரலும், பின்வந்தோர் கையில் ‘கிழக்கு’ என்பதன் புதிய முத்திரையாகிவிட்டன. பக்தாதோ காபூலோ, எந்நகரம் திரையில் வந்தாலும் அதே புலம்பல். 1962இன் சுர இடைவெளி செய்த அதே சுருக்கலை இப்போது ஒரு குரல் செய்கிறது.

நமக்கு நெருக்கமான மற்றொரு எடுத்துக்காட்டு, 2015இல் வெளிவந்த ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் படம். அண்ணலாரின் (ஸல்) இளமைப் பருவத்தைச் சொல்லும் அப்படத்திற்கு நம் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார். மும்பையில் ஓர் அமைப்பினர் அவருக்கு எதிராக ஃபத்வா வெளியிட்டதும், தாம் படத்தை இயக்கவோ தயாரிக்கவோ இல்லை, இசை மட்டுமே அமைத்ததாக அவர் பணிவோடு விளக்கம் அளித்ததும் வாசகர்கள் நினைவில் இருக்கும். அப்படத்தில் முகம் மறைக்கப்பட்டாலும் உருவம் பின்புறமாகக் காட்டப்படுகிறது. எழுவாய் பாதி தோன்றிவிட்டது. ஆகவே அங்கே இசையிடம் கோரப்பட்டது சுட்டுதல் அன்று, போற்றுதல். அப்பணியைச் செய்யும் இசையை, ஜார் செய்த பணியின் அளவுகோல் கொண்டு எடைபோடுவது முறையாகாது.

தராசை இறக்கிவைத்தல்

இனி 1978ஆம் ஆண்டின் அந்த விருதுக்குத் திரும்புவோம். அது அநீதியா? இல்லை என்றே இன்று கருதுகிறேன். மங்கியிருந்த ஒரு மரபை மீட்டு, இசை முன்னின்று கதைசொல்லும் படம் ஒன்றுக்கு வில்லியம்ஸ் செய்த பணி அந்த விருதுக்குத் தகுதியானதே. இளமையில் என்னைக் கொதிக்கச் செய்தது நீதியுணர்வு அன்று. கேளாமலே தீர்ப்புக் கூறும் கட்சிப்பற்று. எதிர்க்கட்சியின் வாதத்தை முதலில் பேசவிட்ட அல்-ஆமிதீயின் நூலைக் கற்ற பின்னும், அந்நூல் கற்பித்த ஒழுக்கத்தை நான் கைக்கொள்ளவில்லை. ‘நம்முடையது’ என்பதால் ஒன்றை உயர்த்துவது, அதன் உண்மையான உயர்வைக் காணவொட்டாமல் செய்துவிடுகிறது. ஜாரின் குறைகளைக் கேட்கத் தொடங்கிய பிறகே அவருடைய அந்த ஒற்றை நீண்ட சுரத்தின் அருமை எனக்கு விளங்கியது.

பாலைவனத்தில் இருவரும் சமம். மெட்டிலும் அதன் வளர்ச்சியிலும் வில்லியம்ஸ் மேம்பட்டவர். காணப்படாத இருப்பைச் சுட்டுவதில், வில்லியம்ஸ் செய்தது அரியது; ஜார் செய்தது அதனினும் அரியது. ஒட்டுமொத்தத் தீர்ப்பை, அல்-ஆமிதீயைப் போலவே, வாசகர்களிடம் விட்டுவிடுகிறேன்.

சென்ற விடுமுறையில் மருமகனும் நானும் ‘அர்ரிஸாலா’ படத்தின் மதீனா நுழைவுக் காட்சியை மீண்டும் பார்த்தோம். அவன் காதொலிக் கருவியைக் கழற்றிவிட்டு, “மாமா, அந்த இடத்தில் ட்யூனே இல்லையே!” என்றான்.

“ஆம்” என்றேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இன்னொரு தடவை போடுங்கள்” என்றான்.